நாலு இழைத் தையல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் மருத்துவமனைக்கு வந்து சேரும் கைகளைப் பார்த்தாலே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். வார நாட்களில் வருபவை மெஷின் கடித்த கைகள். பிரஸ்ஸில் நசுங்கியது, லேத்தில் சுற்றிக்கொண்டது, தகடு கிழித்தது. ஞாயிறன்று வருபவை மனிதர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டவை. அருவாளைத் தடுத்த கை, பாட்டிலை உடைத்துக் குத்தப்போய்த் தன்னையே அறுத்துக்கொண்ட கை, கோபத்தில் ஜன்னல் கண்ணாடிக்குள் போய்வந்த கை. நான் கைகளுக்கு மட்டுமே அறுவை சிகிச்சை செய்பவள். யாரோ ஒருத்தன் ஆத்திரம் தீர்ந்து உட்கார்ந்த பிறகுதான் என் வேலை ஆரம்பிக்கிறது.

எனக்கும் கோபம் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தியேட்டரில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நர்ஸ் கிடையாது. நூலை ஒரு நொடி தாமதமாக வெட்டினாலும் கத்துவேன். வெளியே வந்ததும் எல்லோருக்கும் டீ சொல்வேன். அவர்களும் டீயைக் குடித்துவிட்டு, பின்னால் போய் என்னைத் திட்டிக்கொள்வார்கள்.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து கயிறு போலத் தசைநாண் கிளம்பி, மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையைத் தாண்டி, விரலுக்குள் ஒரு குறுகலான குழாயில் நுழைந்து எலும்பில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதுவும் நரம்புதான். "நரம்பு கட்டாயிடுச்சு டாக்டர்" என்று கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். கயிறு அறுந்தால் மேல்முனை சுருண்டு உள்ளங்கைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். அதைத் தேடிப் பிடித்து இழுத்து வந்து கீழ்முனையோடு தைக்க வேண்டும். தைத்துவிட்டு அசையாமல் வைத்திருந்தால் கயிறு குழாயோடு ஒட்டிக்கொண்டு விரல் கட்டையாகிவிடும். ஒட்டக் கூடாதே என்று அசைத்தால் தையல் பிய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் துளி இடத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

என் சீனியர் பழைய ஆள். அறுந்த இடத்தைக் கடந்து இரண்டு இழை நூல் போனால் போதும், மூன்று வாரம் மாவுக்கட்டுப் போட்டு விரலைத் தூங்கவிடு என்பார். நான் நாலு இழை போட்டு, சில நாட்களிலேயே விரலை மெதுவாக அசைக்க ஆரம்பிக்க வேண்டும் என்பேன். உலகம் முழுக்க இப்போது அப்படித்தான் செய்கிறார்கள் என்றால், "உலகம் முழுக்க நோயாளி டாக்டர் சொல்றதைக் கேக்கறான், இங்கே கட்டோட வண்டி ஓட்டுவான்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு முன்பு கட்டைவிரலைத் தைத்துக் கொடுத்திருந்தேன். அவரிடம் ஸ்பிரிங்கை இரண்டு முனையிலும் கவ்வி இழுத்து, எந்த எடையில் அறுகிறது என்று முள் காட்டும் மெஷின் ஒன்று இருந்தது. பூந்தமல்லியில் ஆட்டுக்கால் வாங்கி, தசைநாணை உரித்தெடுத்து, பிளேடால் ஒரே வெட்டாக வெட்டி, பல விதமாகத் தைத்து, அவருடைய மெஷினில் மாட்டி இழுக்க ஆரம்பித்தேன். இதை ஆராய்ச்சி என்று சொன்னால் ஆராய்ச்சிக்கு வருத்தமாக இருக்கும். சண்டையில் ஜெயிக்க எனக்குக் கையில் ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"இன்னா டாக்டரம்மா, பாயா வெக்க வேண்டிய காலை இப்டி சித்ரவதை பண்றீங்க" என்று அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். இரண்டு இழைத் தையலில் முதலில் முனைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு வாய் திறக்கும். பிறகு வாய் பெரிதாகும். பிறகு முடிச்சு இருக்கும் இடத்தில் நூல் படாரென்று போகும். நாலு இழை கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு தாங்கியது. வாய் திறப்பதற்கே அடம்பிடித்தது. சுற்றி ஓரத்தில் மெல்லிய நூலால் ஒரு ஓட்டுத்தையல் சேர்த்தால் இன்னும் கெட்டி. ஆறு இழை எல்லாவற்றையும்விடத் தாங்கியது, ஆனால் தைத்த இடம் புடைத்துப்போய், விரலின் குழாய்க்குள் நுழையவே மறுத்தது. ஆகவே நாலு. அறுபடும்போது வரும் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில், வாரம் முழுக்க யார்யார் மேலோ இருந்த கோபத்தை எல்லாம் அந்தக் கைப்பிடியில் சுற்றித் தீர்த்திருக்கிறேன்.

அவன் வந்தது இப்படி ஒரு ஞாயிறு மதியம். கொரட்டூரில் ஏரிப் பக்கம் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகிப் போக, அவன் சொந்தமாக ஜேசிபி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கையைச் சுற்றியிருந்த துண்டு நனைந்து, முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அவன் அம்மா. மறுபக்கம் அவன் மனைவி, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டு முழுக்க அவன் ரத்தத்தோடு.

"ஜேசிபி கழுவிக்கினு இருந்தேன். தகடு கிழிச்சிடுச்சு" என்றான். அவன் அம்மா தலையாட்டினாள். மனைவி ஆட்டவில்லை.

துண்டைப் பிரித்தேன். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல், மூன்றின் அடியிலும் ஒரே கோடாக வெட்டு. மூன்று விரலும் நீட்டியபடி கிடந்தன. மடக்கச் சொன்னேன். ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கியது. மற்ற மூன்றும் அவனைக் கவனிக்கவே இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது.

கைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷன் என்பதால் அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். திரைக்கு அந்தப் பக்கம் அவன் தலை, இந்தப் பக்கம் அவன் கை. காயத்தை நீர் விட்டுக் கழுவும்போது, மோதிர விரல் வெட்டுக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ மிதந்து வந்தது. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சின்ன வெங்காயத் தோல்.

இன்னொன்றும் சரியாக இல்லை. கீழ்முனைகள் வெட்டுக்கு நேர்கீழே இல்லாமல், விரலுக்குள் வெகுதூரம் தள்ளிக் கிடந்தன. நீட்டிய விரல் வெட்டுப்பட்டால் முனை காயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். இறுக்கி மடக்கிய விரலில் வெட்டுப்பட்டு, பிறகு விரல் நீண்டால்தான் முனை இப்படித் தள்ளிப்போகும். இந்தக் கை எதையோ முழு பலத்தோடு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பிடித்திருந்த அதுவே அறுத்திருக்கிறது.

"உங்க ஜேசிபியில வெங்காயம் நறுக்குவீங்களா?" என்று கேட்டேன்.

திரை ஓரத்தில் அவன் தலை என் பக்கம் திரும்பியது. பிறகு தணிந்த குரலில், "வெளிய சொல்லாதீங்க டாக்டர். பொம்பள வெட்டிட்டானு தெரிஞ்சா ஊருக்குள்ள நான் தலகாட்ட முடியாது" என்றான்.

"எதுக்கு வெட்டினாங்க?"

"வெட்டல. பிரியாணிக்கு வெங்காயம் அரிஞ்சிகினு இருந்தா. ஒண்ணு கேட்டேன், எதுத்துப் பேசினா. மயிரப் புடிச்சு இழுத்தேன். கத்திய நீட்டிக்கினு நின்னா. எனக்கு முன்னாடி கத்திய நீட்டுவியானு புடிச்சேன். அவ உருவிட்டா." இதையெல்லாம் கார் டயர் பஞ்சரான கதையைச் சொல்வது மாதிரி சொன்னான். "முன்ன எப்பவும் இந்த மாதிரி பண்ணதில்ல, எவ்ளோ அடிச்சாலும்."

என் உதவிக்கு நின்ற நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் நூலைக் கேட்டேன். காயம் எப்படி வந்தது என்பதில் நோயாளி சொல்வதை எழுதுவதுதான் வழக்கம். ஆகவே தகடு என்றே எழுதப்பட்டது. அவனுடைய மானம், அன்றைக்கு அவன் மனைவியை ஒரு வழக்கிலிருந்து காப்பாற்றியது.

உள்ளங்கையைத் திறந்து, ஓடி ஒளிந்த மேல்முனைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து வந்தேன். எனக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஊசி கையில் இருந்தால் என் கோபம் மணிக்கட்டுக்குக் கீழே இறங்காது. நாலு இழை, பிறகு ஓரத்தில் ஓட்டுத்தையல். மூன்று விரலுக்கும். ஒவ்வொன்றையும் குழாய்க்குள் விட்டு இழுத்துப் பார்த்தேன், எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போயின. நான் அதுவரை போட்டதிலேயே நல்ல தையல் அது. மறுநாள் ரவுண்ட்ஸில், சீனியர் காதில் விழ வேண்டும் என்றே, கட்டிலருகில் நின்று இளம் டாக்டர்களுக்கு விளக்கினேன். இரண்டு இழை என்றால் இவர் இன்னும் எத்தனை நாள் கட்டோடு இருப்பார், நாலு இழை என்பதால் எவ்வளவு சீக்கிரம் கை திரும்பக் கிடைக்கும் என்றெல்லாம். தலைமாட்டில் அவன் மனைவி ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரித் தையலுக்கு, தைத்ததோடு பாதி வேலைதான் முடிகிறது. கையின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வார்ப்பை வைத்துக் கட்டி, பகலில் மணிக்கொரு தரம் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக மடக்கி விட வேண்டும். முதலில் இன்னொருவர் கையால், பிறகு அவரே கொஞ்சமாக. வீட்டில் யார் செய்வீர்கள் என்று கேட்டேன். அவன் அம்மா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தாள்.

"எங்க ஊட்ல ஆம்பளைக்கு ஒடம்பு முடியலன்னா பொண்டாட்டிதான் பாக்கணும். வேற யாரு தொடுவாங்க."

ஆகவே மனைவி கற்றுக்கொண்டாள். பிசியோதெரபி அறையில் அவனுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக இரண்டு விரலால் பிடித்து மடக்குவாள், விடுவாள். நல்ல பொறுமை. குனிந்திருக்கும்போது, உச்சிக்குப் பின்னால் அவள் தலையில் முடியே இல்லாமல் ஒரு இடம் பளபளவென்று தெரியும். இடது காது மடல் ஒரு பக்கம் சப்பையாகி இருந்தது. தன் முடியைப் பிடுங்கிய கையைத்தான் அவள் மணிக்கொரு தரம் பழக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஆனாலும் தினமும் போய் விரல் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒருநாள், நான் உள்ளே நுழையும்போது அவள் நடுவிரலை மடக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பொட்டு அதிகம் மடக்கிவிட்டாள் போலிருக்கிறது. அவன் இடது கையால் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். முக்காலி சாய்ந்து அவள் சுவரில் போய் இடித்துக்கொண்டாள். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் தத்தம் முழங்காலையும் தோளையும் பார்த்துக்கொண்டார்கள். அவன் அம்மா மருமகளிடம், "பாத்துப் புடிக்கக் கூடாதா" என்றாள்.

நான் அந்த முக்காலியை நிமிர்த்தி அவன் எதிரில் உட்கார்ந்தேன். வார்ப்பின் பட்டையைக் கழற்றினேன். அவன் கையை என் உள்ளங்கையில் ஏந்தி, என் ஆள்காட்டி விரலை அவன் மூன்று விரல் நுனிக்கும் அடியில் கொக்கி மாதிரி கொடுத்தேன்.

"கையை இறுக்கிப் பிடிங்க" என்றேன். அவன் பிடிக்கவில்லை. "இந்த வாரம்தான் உள்ளே கயிறு இளகி இருக்கிற நேரம். நூல் மட்டும்தான் பிடிச்சிட்டிருக்கு. எவ்வளவு இழுத்தா அறும்னு எனக்குத் தெரியும். ஆட்டுக்கால்ல நிறைய தடவை அறுத்துப் பார்த்திருக்கேன். ஒரே இழுப்பு, மூணும் போயிடும். அப்புறம் நானே தச்சாலும் ஒட்டாது. இழுக்கட்டுமா?"

கையை உருவப் பார்த்தான். விடவில்லை. அவன் மேலுதட்டில் வியர்வை அரும்பியது.

"வேணாம் டாக்டர்."

"இங்கே இன்னொரு தடவை கை ஓங்கினா இழுத்துடுவேன்."

நான் நடிக்கவில்லை. என் விரல் கொஞ்சம் இழுக்கவே ஆரம்பித்திருந்தது. அவன் நுனிவிரல்கள் நீள்வதை உணர்ந்தேன். அந்தப் பயம் அவன் முகத்தில் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பட்டையை மறுபடி கட்டிவிட்டு எழுந்து வெளியே வந்தேன்.

வெளியே தண்ணீர் கேன் இருக்கும் இடத்தில் அவள் என்னிடம் வந்தாள். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இதுக்கும் சேத்து ஊட்ல வெச்சிக்குவாரு டாக்டர்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவித்தாள். பிறகு, "எப்போ முஷ்டி புடிப்பாரு?" என்று கேட்டாள்.

கைமேல் இருக்கும் அக்கறையில் கேட்கிறாள் என்றுதான் அந்த நொடியில்கூட என் புத்திக்குப் பட்டது. ஆறு வாரத்தில் லேசான வேலை செய்யலாம், பன்னிரண்டு வாரம் முடிந்தால் முழு பலம் போடலாம், அதற்குள் ஓங்கிக் குத்தினால் அறுந்துவிடும் என்று விவரமாகச் சொன்னேன். விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து எண்ணிக்கொண்டாள்.

"அந்தப் பெரிய டாக்டர் போடற மாரி, ரெண்டு நூல் போட்டிருந்தா?"

"இன்னும் லேட் ஆகும். விரல் முழுசா மடங்காமலே போனாலும் போகும்."

"அதையே போட்டிருக்கலாமே டாக்டர்."

சர்க்கரை கம்மியாகப் போட்டிருக்கலாமே என்று டீக்கடையில் சொல்வார்களே, அந்தக் குரல்தான். ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னேன், வக்கீல் இருக்கிறார் என்றேன், நானே வருகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டே நின்றாள்.

"ரெண்டு வாட்டி போய்ட்டேன். ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசி, சேந்து வாழுங்கனு அனுப்பிட்டாங்க. அனுப்பின அன்னிக்குதான் இது" என்று காதைத் தொட்டுக் காட்டினாள். "இப்போ கத்தி வெசயம் வேற கீது. நான் எதுனா பண்ணா அவரும் மானம் போனா போவுதுனு வாயத் தொறந்துடுவாரு. ஓசூர் பக்கம் ஒரு கம்பெனில ஹாஸ்டலோட வேல கேட்டிருக்கேன். கூப்டா போய்டுவேன். கை சரியாவறதுக்குள்ள கூப்டணும்."

அன்றிலிருந்து அந்தக் கை எனக்கு வேறாகத் தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு வாரமும் விரல் இன்னும் கொஞ்சம் மடங்கும்போது, மற்ற எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் அளந்து எழுதிவிட்டு, அவளைப் பார்ப்பேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டுவாள், இன்னும் கூப்பிடவில்லை என்று.

ஆறாவது வாரம் அவள் வரவில்லை. அவன் அம்மாதான் கூட வந்தாள். மூன்றாம் நாள் புது நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. "குத்தம்பாக்கத்துல அம்மா ஊட்டுக்கு வந்துட்டேன் டாக்டர். அவருக்கு லேசா வேல செய்ய வந்துடுச்சு. இனிமே அங்க இருக்க முடியல. கம்பெனில இருந்து கூப்டல. நீங்க கை எப்டி கீதுனு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அம்மா வீட்டில்தான் முதலில் தேடுவான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவன் போகவில்லை. ஏன் என்று அடுத்த வாரமே தெரிந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடேன் என்று அவன் அம்மா நச்சரித்தாள். கதவு திறந்திருந்தது. அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கட்டுப் போட்ட கையோட மாமியார் ஊட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்றியா? அவ மாமன் மச்சானெல்லாம் பாத்து சிரிக்கறதுக்கா? கை சரியாவட்டும். போறப்போ ரெண்டு கையோட போறேன்."

அந்த வறட்டு மானம்தான் அவளுக்கு அங்கே காவலாக இருந்தது. அது தீரும் நாளை அவனுக்கும் நானே குறித்துக் கொடுத்திருந்தேன்.

அதன்பிறகு அவனைப் போல ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் தவறவில்லை. மணிக்கொரு தரம் என்றால் மணிக்கொரு தரம். வண்டி ஓட்டாதே என்றால் ஓட்டவில்லை. பீடி, குடி எல்லாவற்றையும் நிறுத்தினான். பந்தை அழுத்தச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவான், நெற்றி நரம்பு புடைக்கும். பிசியோதெரபிஸ்ட் பெண் மற்ற நோயாளிகளிடம், "அவரைப் பாத்துக் கத்துக்கங்க" என்று சொல்வாள். அவன் அந்தப் பந்தைப் பார்க்கும் பார்வையை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவன் எந்தக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் பயிற்சியை நிறுத்தச் சொன்னால் போதும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு கையைக் கெடுக்க என் வாய் திறக்கவில்லை என்பது பாதி நிஜம். இந்த மூன்று விரலும் முழுசாக மடங்கிச் சீனியருக்கு எதிரில் நிற்க வேண்டும் என்று ஆசை இருந்தது மீதி நிஜம்.

பன்னிரண்டாம் வாரம் தனியாக வந்தான். சட்டை இஸ்திரி போட்டு, முகம் மழித்து, ஏதோ விசேஷத்துக்குப் போகிறவன் மாதிரி. நீட்டச் சொன்னேன், நீட்டினான். மடக்கச் சொன்னேன். மூன்று நுனியும் உள்ளங்கையைத் தொட்டு அழுந்தின. சீனியர்கூட எட்டிப் பார்த்து, "ம், நல்லாத்தான் வந்திருக்கு" என்றுவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ ஆட்டுக்கால்களை அறுத்திருக்கிறேன். அப்போது அது காதில் விழுந்தும் உள்ளே இறங்கவில்லை.

பிடியின் பலத்தை அளக்கும் கருவியைக் கொடுத்தேன். இடது கையால் அழுத்தினான். பிறகு வலது கையால். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"ஃபுல் ஃபோர்ஸ் போடலாமா டாக்டர்?"

"இன்னும் ஆறு வாரம் போகட்டும்" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

சிரித்தான். "பன்னெண்டு வாரம்னு நீங்கதான் சொன்னீங்க. நாள் எண்ணிகினு இருக்கேன்."

எழுந்தான். அறை மூலையில் பழைய ஃபைல்கள் வைக்கும் இரும்பு பீரோ இருந்தது. நான் எழுவதற்குள் அதன் கதவில் ஓங்கி ஒரு குத்து விட்டான். பீரோமேல் இருந்த பெட்டி சரிந்து விழுந்தது. வெளியிலிருந்து நர்ஸ் ஓடி வந்து வாசலில் நின்றுவிட்டாள். இரும்பில் நாலு கணுவும் குழிந்து பதிந்திருந்தன. அவன் முஷ்டியைத் திருப்பிப் பார்த்தான். விரலை நீட்டினான், மடக்கினான். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. என் கண்ணும் முதலில் அந்த விரல்களைத்தான் பார்த்தது, அறுந்ததா என்று.

"டக்கரா தச்சிருக்கீங்க டாக்டர்" என்றான். "என் சம்சாரம்தான் தினம் மடக்கி வுட்டா. போய்ச் சொல்லிட்டு வரேன்."

அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் அவசர போலீஸுக்கு அழைத்தேன். அவன் யாரையாவது அடித்துவிட்டானா என்று கேட்டார்கள். பீரோவை அடித்திருக்கிறான் என்றேன். குத்தம்பாக்கம் விலாசம் கேட்டார்கள், எனக்குத் தெரிந்தவரை சொன்னேன், ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். எங்கள் இடத்திலிருந்து பைபாஸ் ஏறி, வானகரம் சிக்னலில் நின்றாலும், அவன் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அவள் நம்பரை அழுத்தினேன். உடனே எடுத்தாள். பின்னால் எதையோ வதக்கும் சத்தம் கேட்டது.

"வேலைக்குக் கூப்பிட்டாங்களா?" என்றேன்.

"இன்னும் இல்ல டாக்டர். கை எப்டி கீது?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ வீடுகளுக்குச் சொன்ன பதில்தான். எப்போதும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறேன்.

"நல்லா ஆயிடுச்சும்மா."

"எவ்ளோ நல்லா?"

"முழுசா. இடது கை அளவுக்கு. இப்பதான் அங்கே கிளம்பினான்."

போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, நிதானமான குரலில் உள்ளே சொன்னாள்.

"அம்மா, அடுப்ப அணை. கெளம்பணும்."